வேலி தாண்டும் கிளைகள்: அடுத்தவர் மரத்தால் வரும் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளும் முறை

பக்கத்துக் கொல்லை மரத்தால் தொல்லை என்று யாராவது வந்து சொல்லும்போது, பேச்சு பெரும்பாலும் "அந்த மரத்தையே வெட்டச் சொல்லணும்" என்றுதான் தொடங்குகிறது. நேரில் போய் நிமிர்ந்து பார்த்தால், ஓட்டின் மேல் உரசுகிற இரண்டு கொப்புகளோ, குளியலறைச் சுவருக்கு அடியில் நுழைந்த ஒரு வேரோதான் உண்மையான தொல்லையாக இருக்கும். மரத்தை வெட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே மனிதர், இரண்டு கொப்பைக் கழிக்கக் கேட்டால் மறுப்பது அரிது. எனவே அடுத்த வீட்டுப் படியேறுவதற்கு முன்பே, உங்களுக்கு வேண்டியது என்ன என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீட்டிய கிளை, ஊடுருவிய வேர், விழும் நிலையில் நிற்கும் மரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். அவற்றுக்கு அணுக வேண்டிய ஆளும், சட்டமும், அவசரமும் வேறு வேறு.

காவிரிப் படுகையில் இந்தத் தொல்லை மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகம் என்பது என் எண்ணம். தெருவிலிருந்து கொல்லை வரை ஒடுக்கமாக நீளும் மனைகள், அந்தக் கொல்லையில் தென்னை, முருங்கை, பூவரசு, வேம்பு என்று நெருங்கி நிற்கும் மரங்கள், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளர்கள், மழைக்காலத்தில் குழைந்துபோகும் வண்டல் மண் என்று எல்லாம் இங்கே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

எல்லை எங்கே ஓடுகிறது

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். எங்கள் கொல்லையின் மேற்கு ஓரத்தில் ஒரு தென்னை உண்டு. அதன் மட்டை எங்கள் சமையற்கட்டின் நாட்டு ஓட்டில் விழும்போதெல்லாம், பக்கத்து வீட்டுக்காரரின் அலட்சியத்தைப் பற்றி நாங்கள் பல வருடங்கள் குறைபட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நில அளவையர் வந்து சங்கிலி பிடித்தபோது, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அடி ஆழத்தில் பழைய சர்வே கல் தட்டுப்பட்டது. வேலியைத்தான் யாரோ ஒரு காலத்தில் உள்ளே தள்ளி நட்டிருக்கிறார்கள்; மரம் எங்களுடையது. அத்தனை வருடமும் காய் பறித்தவர்கள் அவர்கள், ஓடு மாற்றியவர்கள் நாங்கள். இருவருமே கணக்குக் கேட்கவில்லை.

ஆகவே வேலியை நம்பாதீர்கள். அடிமரம் எந்த நிலத்தில் ஊன்றியிருக்கிறதோ அந்த நிலத்துக்காரருக்குத்தான் மரம் சொந்தம். கிளை எந்தப் பக்கம் போகிறது என்பது உரிமையைத் தீர்மானிக்காது. அடிமரம் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நின்றால் அது இருவருக்கும் பொது. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் வெட்டக்கூடாது. பட்டா, நில விவரங்கள் பதிந்த அ-பதிவேடு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடமான புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். புலப்படத்தில் உள்ள அளவுகளைத் தரையில் காண நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அளக்க வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் கூட இருப்பது முக்கியம். அவர் இல்லாமல் நட்ட கல்லை அவர் கல்லாகவே மதிக்க மாட்டார். பழைய பத்திரத்தில் அளவு குழியிலும் மாவிலும் இருந்தால் குழம்ப வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். வேலி 12 ஆண்டுகளுக்கு மேலாகத் தவறான இடத்தில் நின்று, எதிர்த்தரப்பார் அந்த இடத்தை வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால், அனுபவ பாத்தியதை, அதாவது நெடுங்கால அனுபவத்தாலேயே இடம் சொந்தமாகிவிட்டது என்ற பேச்சு எழக்கூடும். அந்த நிலையில் மரத்தை விட்டுவிட்டு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்த நிலம் தனியாருடையது அல்ல என்பதும் இங்கே அடிக்கடி நேரும். வாய்க்கால் கரையில் நிற்கும் மரம் புறம்போக்கில் நிற்பது; அது அரசின் மரம், அதை வெட்டுவது பற்றிய கோரிக்கை மாவட்டப் பசுமைக் குழுவின் பார்வைக்குப் போகும். கோயில் நிலமாக இருந்தால், அதைப் பயிரிடும் குத்தகைதாரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மரத்தின் மேல் அவருக்கு உரிமை இல்லை. கோயிலின் செயல் அலுவலரிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும். குத்தகைதாரரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி அரிவாளை எடுத்தவர்கள் பிறகு அறநிலையத் துறைக்கு விளக்கம் எழுத நேரும்.

வயலில் நிழலை அளப்பது

வீட்டு மனையில் கிளை கண்ணுக்குத் தெரிகிறது. வயலில் தொல்லை நிழலாக வருகிறது, அதன் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. "உங்க தேக்கு நிழல்ல என் நெல்லு போச்சு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அளந்து சொன்னால் கேட்பார்கள்.

நம் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 34 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்கும். அந்த வேளையில் 40 அடி உயரமுள்ள மரம் வடக்குப் பக்கம் 27 அடி நீளத்துக்கு நிழல் போடும். ஆனி மாதத்தில் சூரியன் சற்று வடக்கே போய்விடுவதால் அதே மரத்தின் நண்பகல் நிழல் தெற்கே 9 அடியோடு நின்றுவிடும். இதன் பொருள் என்னவென்றால், உங்கள் தென்வரப்பில் அடுத்தவர் நட்ட மரங்கள் ஆனியை ஒட்டி நடும் குறுவை நெல்லுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாமல், பின்பருவ நெல்லான சம்பாவும் தாளடியும் கதிர் பிடித்து முற்றும் வேளையில்தான் கை நீட்டுகின்றன. 100 அடி நீள வரப்பில் வரிசையாக நின்றால் 2,700 சதுர அடி, அதாவது சுமார் 19 குழி, உச்சி வெயிலிலும் நிழலில் கிடக்கும். அங்கே தூர் கட்டுவது குறையும், பயிர் வெளிறி நீண்டு சாயும், மற்ற வயல் அறுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பட்டை பச்சையாகவே நிற்கும்.

ஆகவே மார்கழியில் ஒரு நண்பகல் வேளையில் நிழலின் விளிம்பில் முளைக்குச்சி அடித்து, வரப்பிலிருந்து அதுவரை நாடா பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கிளைகளை 15 அடி உயரம் வரை கழித்தாலே நிழல் எவ்வளவு சன்னமாகிறது என்பதை அடுத்தவருக்கும் நேரில் காட்டலாம். தேக்கு வைத்திருப்பவருக்கு இதில் நஷ்டமே இல்லை. பக்கக் கிளை கழித்த தேக்குத்தான் முடிச்சில்லாத நேர்மரமாக வளர்ந்து நல்ல விலை போகும். வடக்கு வரப்பு மரங்களைப் பற்றிச் சம்பாக்காரர் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

போய்ப் பேசுவது

தொல்லை நடந்த அன்றே, உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஒரு நாள் பொறுத்து, மாலையில், தனியாகவோ இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரோடோ போவது நல்லது. கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள். செலவு யாருடையது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் இதை மிக அழகாகச் செய்தவர் ஒரு பெண்மணி. அவர் சொன்னது இவ்வளவுதான்: "பெரியப்பா, உங்க பூவரசுல கெழக்கால போற ரெண்டு கொப்பு எங்க ஓட்டுல ஒரசுது. ஆளு கூலி நான் குடுத்துடறேன். தழை உங்க வயலுக்கு வேணும்னா கட்டி வெச்சிடச் சொல்றேன். நீங்க நின்னு எதை வெட்டணும்னு காட்டிட்டா போதும்." பெரியப்பா நின்று மூன்றாவதாக ஒரு கொப்பையும் சேர்த்துக் காட்டினார்.

மரத்துக்காரரை நின்று காட்டச் சொல்வதில் மரியாதைக்கு மேல் ஒரு பயனும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். தழையைப் பற்றிய பேச்சும் வெறும் பேச்சன்று. பூவரசு, புங்கன், வேம்பு ஆகியவற்றின் தழை நடவுக்கு முன் வயலில் மிதிக்க நல்ல உரம். வாகையும் கிளுவையும் என்றால் ஆடு வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரே வந்து கழித்து எடுத்துக்கொண்டு போவார். கூலிச் செலவுகூட மிஞ்சும்.

உரிமையாளர் வெளியூரில் இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்குச் சம்மதிக்கும் அதிகாரம் கிடையாது. பல வேளைகளில் செய்தியை முழுதாகச் சொல்லும் துணிச்சலும் கிடையாது. உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு மூன்று படங்கள் அனுப்புங்கள்: அடிமரமும் எல்லையும் தெரியும்படி ஒன்று, தொல்லை தரும் கிளை மட்டும் ஒன்று, அந்தக் கிளையில் எங்கே வெட்டப்போகிறோம் என்று சிவப்புக் கோடு போட்டு ஒன்று. "சரி" என்று அவர் பதில் எழுதினால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு எடுபடாவிட்டாலும், எடுபட்டு ஆறு மாதமாக ஒன்றும் நடக்காவிட்டாலும், கடிதம் எழுதி ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். பின்வரும் அளவில் இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மனையின் கிழக்கு எல்லையில் நிற்கும் வாகை மரத்தின் இரண்டு பெரிய கிளைகள் எங்கள் வீட்டுக் கூரையின் மேல் சுமார் 10 அடி நீண்டுள்ளன. அவற்றில் ஒன்று அடிப்பகுதியில் உளுத்துப்போயிருப்பதை இத்துடன் உள்ள படத்தில் காணலாம். இது குறித்துக் கடந்த வைகாசி மாதம் தங்களிடம் நேரில் தெரிவித்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஆவணி மாத முடிவுக்குள், அக்கிளைகளைக் கழித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான கூலியில் பாதியை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்."

மிரட்டலும் பழைய பகையும் இதில் இடம்பெற வேண்டாம். இந்தக் கடிதத்தின் உண்மையான வேலை பின்னால் வருகிறது. புயலில் மரம் விழுந்து சேதமானால், இயற்கைச் சீற்றத்துக்கு நான் என்ன செய்வேன் என்று உரிமையாளர் சொல்லலாம். மரம் ஆபத்தான நிலையில் இருப்பது அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தால், அந்த வாதம் வலுவிழந்து அது கவனக்குறைவாகிவிடும்.

நீங்களே வெட்டலாமா

எல்லையைத் தாண்டி உங்கள் நிலத்துக்கு மேல் வந்த கிளையை, உங்கள் நிலத்தில் நின்றபடியே, எல்லைக் கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காதவரை அதற்கு முன்னறிவிப்பும் தேவையில்லை. லெம்மன் எதிர் வெப் என்ற, தீர்ப்புத் தொகுப்பில் 1895-ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கப்படும் இங்கிலாந்து வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்த இந்த நெறியைத்தான் இந்திய நீதிமன்றங்களும் பொதுவாகப் பின்பற்றி வந்திருக்கின்றன. வேருக்கும் இதே நெறிதான். இத்தனை காலமாக நீட்டிக்கொண்டுதானே இருந்தது என்பது மரத்துக்காரருக்கு உரிமையாகிவிடாது.

ஆனால் இந்த உரிமை எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. வெட்டிய கிளையும் அதில் உள்ள காயும் மரத்துக்காரருக்கே சொந்தம்; உங்கள் பக்கம் விழுந்த தேங்காயும் அப்படியே. எடுத்து எல்லையோரம் வைத்துவிட்டுத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர் பக்கம் ஏறி வெட்டினால் அத்துமீறல், மரம் பட்டுப்போகும்படி வெட்டினால் சேதம் விளைவித்தல் என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ்ப் புகார் கொடுக்க அவருக்கு இடம் கிடைக்கும். இரவில் அடிமரத்தில் துளை போட்டு ஆசிட் ஊற்றுகிற வேலையை யாராவது யோசனையாகச் சொன்னால் அவரை அன்றோடு தள்ளிவையுங்கள். அது குற்றம் என்பது ஒரு புறம் இருக்க, பட்டுப்போன மரம் எந்தப் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள்? கிளைப் பாரம் உங்கள் பக்கம்தானே இருக்கிறது.

மரத்துக்காரரை நின்று காட்டச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும். சட்டம் உங்களுக்குத் தருவது எல்லைக் கோட்டில் ஒரு வெட்டு. கிளை பாதியில் அறுபட்டு முண்டாக நிற்கும்; பூவரசும் வேம்பும் அந்த முண்டிலிருந்து ஒரே மழையில் துடைப்பம் போல் பத்துக் கொப்பு தள்ளும். அவை அடிப்பிடிப்பு இல்லாதவை, அடுத்த காற்றில் முறியும். அவருடைய சம்மதம் இருந்தால்தான் கிளை அடிமரத்தில் சேரும் இடம் வரை போய் முறையாக அறுக்க முடியும். அங்கே அறுத்தால் பட்டை மூடிக்கொள்ளும், அந்த இடத்திலிருந்து மறுபடி தொல்லையும் வராது. எனவே உரிமை இருக்கிறது என்பதற்காக வெட்டும் வெட்டைக் காட்டிலும், கேட்டு வெட்டும் வெட்டு பல வருடங்கள் தாங்கும்.

பெரிய கிளையை ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால் அது பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை நாலு முழத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும். அனுபவமுள்ள ஆள் முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுவார். பிறகு அதற்கு இரண்டு விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து அறுப்பார். கிளை அந்த வெட்டு வரை வந்து பட்டையை இழுக்காமல் ஒடிந்து விழும். கடைசியாக மிஞ்சிய முண்டை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதியைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி அறுத்து எடுப்பார். மாமரமாக இருந்தால் அறுத்த வாயில், பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவது நல்லது. ஓட்டுக்கு நேர் மேலே இருக்கும் கிளையில் அறுப்பதற்கு முன்பே வடம் கட்டி, மேல்கவட்டையில் போட்டு இழுத்துப் பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆடி, ஆவணி ஏற்ற காலம். மாங்காயும் முடிந்திருக்கும், மழையும் தொடங்கியிருக்காது.

மின்கம்பிக்கு அருகே போன கிளையில் மட்டும் நீங்களும் கை வைக்கக்கூடாது, கூலிக்கு வந்தவரையும் ஏற்றக்கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர்களே வந்து கழிப்பார்கள்.

மரத்துக்கு மரம் வேறுபாடு

தென்னையைக் கழிக்க முடியாது. அதுதான் அதன் சிக்கல். சாய்ந்து வளர்ந்த தென்னையின் தலை உங்கள் கூரைக்கு மேல் இருந்தால், அந்தத் தலையை வெட்டினால் மரமே செத்துவிடும். நெட்டைத் தென்னை ஆண்டுக்கு 12 முதல் 15 மட்டை வரை விடும், அதாவது ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை கீழே வந்தே தீரும். இதற்குச் சரியான ஏற்பாடு, 45 நாளைக்கு ஒரு முறை காய் பறிப்பதும், அதே ஏற்றத்தில் காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் உரிப்பதும் என்று மரத்துக்காரரோடு பேசி வைத்துக்கொள்வதுதான். மரமேறுபவர் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அவரைப் பிடித்துக் கொண்டுவரும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மறுப்பு இருக்காது. பச்சை மட்டையை அடியோடு அறுக்க விடாதீர்கள். அந்தப் பச்சைக் காயத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அறுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் அடிமட்டையை விட்டு அறுக்க வேண்டும்.

முருங்கை மழைக்காலக் கம்பளிப்பூச்சியால்தான் பகை வளர்க்கும். அடிமரத்தில் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் பூச்சியைத் தீப்பந்தத்தால் சுடுகிற வழக்கம் கீற்றுக் கொட்டகை பக்கத்தில் வேண்டவே வேண்டாம். காய் ஓய்ந்ததும் மூன்று நான்கு அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மரம் சீக்கிரமே தழைத்துக்கொள்ளும், கை எட்டும் உயரத்தில் காயும் கிடைக்கும்.

மூங்கில் கொத்து ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே வரும். கழிகளை வெட்டினால் மட்டும் போதாது. எல்லையோரம் மூன்றடி ஆழத்துக்கு நீளப் பள்ளம் எடுத்து, குறுக்கே வரும் கிழங்கை வெட்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தை ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். தேக்கு இலை தண்ணீர்த் தாரையை அடைக்கிறது என்பதற்காக யாரோடும் பேச்சு முறித்துக்கொள்ள வேண்டாம். தாரையின் வாயில் ஒரு கம்பிவலை வைப்பது எளிது.

வேர்தான் நிதானம் வேண்டிய இடம். உங்கள் நிலத்துக்குள் வந்த வேரை வெட்ட உரிமை உண்டு என்றாலும், அடிமரத்தின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் தடித்த வேரை வெட்டினால் மரத்தின் பிடிப்பே போய்விடலாம். விட்டம் இரண்டு அடி என்றால் பத்தடிக்குள் கை வைக்காதீர்கள் என்று பொருள். கழிவுத் தொட்டிக்குள் தென்னை வேர் புகுந்தால், வேரை எத்தனை முறை வெட்டினாலும் விரிசலை அடைக்காதவரை அது திரும்ப வரும். வேர் விரிசலைத் தேடித்தான் வருகிறது. சுவரில் முளைத்த அரசங்கன்றையோ ஆலங்கன்றையோ விரல் மொத்தம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். அது மரமாகி, யாராவது அடியில் ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டால், பிறகு பேச்சுவார்த்தை பக்கத்து வீட்டுக்காரரோடு முடிவதில்லை.

மரத்துக்காரரே முழு மரத்தையும் வெட்டச் சம்மதித்துவிட்டாலும் ஒரு நொடி நில்லுங்கள். பனையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். சந்தன மரத்தை வனத்துறையின் அனுமதியின்றித் தொடவே கூடாது. தேக்கை லாரியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

விழப்போகும் மரம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் போனவர்களுக்கு, மரம் விழுவது என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பகுதியில் பலத்த காற்று பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், மண் ஏற்கெனவே நீரில் ஊறியிருக்கும் வேளையில் வருகிறது. ஊறிய களிமண்ணில் வேர் பிடிப்பதில்லை. மரம் முறியாமல் மண்ணோடு பெயர்ந்து சாய்கிறது.

எனவே மழைக்கு முன் அடிமரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். அடியில் காளான் முளைத்திருப்பது, தட்டினால் பொந்து போல் ஒலிப்பது, ஒரு பக்கம் மண் மேடாகக் கிளம்பி மறுபக்கம் வெடிப்பு விட்டிருப்பது, முன்பு நிமிர்ந்து நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். பிறந்ததிலிருந்தே வளைந்து வளர்ந்த மரம் வேறு. அதன் நுனி மேல்நோக்கித் திரும்பியிருக்கும்.

இந்த நிலையில் உரிமையாளர் அசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் வசிப்போர் மீதோ வழிப்போக்கர் மீதோ விழக்கூடிய மரத்தை அகற்றும்படியோ முட்டுக்கொடுக்கும்படியோ நிபந்தனை உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. 2024 ஜூலைக்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது. மனுவோடு படங்கள், புலப்படத்தின் நகல், நீங்கள் அனுப்பிய கடிதம், அதன் அஞ்சல் ஒப்புகை ஆகியவற்றை இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை எழுதும்போது அருகில் இருந்து, மண் வெடிப்பைக் காட்டுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த மனுவும் சுற்றிக் கோட்டாட்சியரிடமே வந்து சேரும் என்பதால், அவசரமானால் நேரே அவரிடம் போவது மேல்.

ஆபத்து இல்லாமல் தொல்லை மட்டும் தொடர்ந்தால், வழக்குக்கு முன் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றி இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கே ஏற்பட்ட சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை, அதாவது கிளையை அகற்றும்படி மரத்துக்காரருக்கு ஆணை, கேட்டு வழக்கிடலாம். அப்போது வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்வையிடக் கேளுங்கள். அவருடைய அறிக்கை நூறு வார்த்தை வாதத்தைவிட எடுபடும். ஆனால் இரண்டு கொப்புக்காக இத்தனை தூரம் போனவர்களில், கடைசியில் மகிழ்ச்சியாக இருந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

எந்த வழியில் தீர்ந்தாலும், தீர்ந்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எந்த மரம், எந்தப் பக்கத்துக் கிளை, எவ்வளவு உயரம் வரை, கூலி யாருடையது, தழையும் விறகும் யாருக்கு என்பவை அதில் இருக்கட்டும். பூவரசும் வாகையும் ஒரே வருடத்தில் பழையபடி கை நீட்டும் மரங்கள். ஆகையால் "இவ்வாண்டு" என்று எழுதாமல் "ஆண்டுதோறும் ஆடி மாதத்தில்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.